மின்னலும் நம் வீட்டு மின்சாரமும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரான மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். என்னைவிடக் கற்றவர்கள் அதை இந்த மேடையில் பலமுறை பேசிவிட்டார்கள். நான் ஒரு வயர்மேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் கரண்டு. ஆகவே இன்று மின்னலைப் பற்றியும், அது நம் வீட்டுக்குள் நுழைந்து தொலைக்காட்சியையும் கணினியையும் கொண்டுபோகும் விதத்தைப் பற்றியும், அதைத் தடுக்கும் வழிகளைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 'என்னடா, பரிசளிப்பு விழாவில் பிளக்கு, வயர் என்று பேசுகிறானே' என்று நினைக்காதீர்கள். கடைசியில் இது பிள்ளைகளின் உயிர் பற்றிய பேச்சாகத்தான் முடியும்.

முதலில் ஒரு பழைய கதை.

1981ஆம் ஆண்டு. நான் இதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். எங்கள் லயத்தில் அப்போது மின்சாரம் என்றால் தொழிற்சாலை இஞ்சின் கொடுக்கும் மின்சாரம்தான். மாலையில் இஞ்சின் போடுவார்கள், இரவு பத்து மணிக்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்று, நான்கு மணி நேர வெளிச்சத்தை நம்பி என் அப்பா தவணைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். வீட்டின் பின்புறம் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டினார். தமிழ்ப்படம் போடுகிற நாளில் எங்கள் வாசல் நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவார்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். வானம் கறுத்து இடி இடித்தது. பாட்டி, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துணியால் மூடினார். அப்போது ஒரு வெளிச்சம். கூடவே காது அடைக்கும் சத்தம். அடுத்த நொடி பெட்டிக்குள்ளிருந்து கருகிய வாடை. மாலையில் இஞ்சின் போட்ட பிறகு திருகிப் பார்த்தோம். பெட்டி செத்துப் போயிருந்தது.

கடைக்காரர் என் அப்பாவை நம்பவில்லை. "கரண்டே இல்லாத நேரத்தில் டிவி எப்படி எரியும்? நீங்கள் ஏதோ பண்ணிவிட்டீர்கள்" என்றார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கி. செத்த பெட்டிக்கு அந்தப் பதினான்கு மாதமும் அவர் பணம் கட்டினார். சம்பள நாளன்று கம்பத்துக்குப் போய், கடையில் வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வருவார். நானும் கூடவே போவேன்.

கரண்டே இல்லாத நேரத்தில் டிவி எப்படி எரிந்தது? அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. அதற்குரிய பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு பெருமையான செய்தி. நம் மலாயா மண்ணில் மின்சாரம் முதன்முதலில் எங்கே வந்தது தெரியுமா? கோலாலம்பூர் நகரத்தில் அல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லாத ரவாங்கில், ஓர் ஈயச் சுரங்கத்தில். 1894ஆம் ஆண்டு அங்கே மின்னாக்கி இயந்திரத்தை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ என்ற சீனப் பெருமகனார். மற்றவர் பத்துமலைக் கோயிலோடு பெயர் சேர்ந்திருக்கும் நம் தம்புசாமிப் பிள்ளை. பிள்ளைகளே, இந்த நாட்டின் மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. இதை மறக்காதீர்கள்.

பிறகு 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதுவே லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்சாரம் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் முதலாளிமாருக்குக் கட்டளையிட்டது. ஆக, நான்கு மணி நேரக் கரண்டு இருபத்துநான்கு மணி நேரக் கரண்டானது. ஒரு டிவி இருந்த வீட்டில் இப்போது குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், கணினி, இணையப் பெட்டி, நான்கு கைத்தொலைபேசிச் சார்ஜர். பொருள் பெருகிய அளவுக்குப் பாதுகாப்பும் பெருகியதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது மின்னலுக்கு வருவோம்.

உலகத்தில் இடி மின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. சுபாங், கோலாலம்பூர் பக்கத்தில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் இடி முழக்கம் கேட்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் அது உச்சத்துக்குப் போகும். இது போதாதென்று, நம் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் கரையோரத்துக்குச் சில மாதங்களில் விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கத்திலிருந்து காற்றும் இடியும் கிளம்பி வந்துவிடும். பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு மின்னலில் பாயும் மின்சாரம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பிளக்கு தாங்குவது 13 ஆம்பியர். ஒப்பிட்டுப் பாருங்கள்! மின்னல் போகும் பாதையில் காற்றின் வெப்பம் 30,000 டிகிரி வரை ஏறும். சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைவிட அது ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று திடீரென்று விரிந்து வெடிப்பதுதான் நாம் கேட்கும் இடி.

மின்னல் நேரே நம் கூரையில் விழுந்தால்தான் பொருள் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அரை மைல் தள்ளி விழுந்தாலும் போதும். பக்கத்தில் ஓடும் கம்பிகளில் எல்லாம் ஒரு கணம் மின்னழுத்தம் எகிறிவிடும். நம் வீட்டுக்கு வரவேண்டியது 230, 240 வோல்ட். அந்தக் கணத்தில் வருவது சில ஆயிரம் வோல்ட். நீடிப்பது எவ்வளவு நேரம்? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் சில பத்துக் கூறுகள்தான். அவ்வளவு குறுகிய நேரத்தில் பியூஸ் உருகாது, பெட்டியில் உள்ள சுவிட்சும் விழாது. அவை விழித்துப் பார்ப்பதற்குள் திருடன் வந்து, எடுத்துக்கொண்டு, போயே போய்விடுவான். கணினிக்குள் இருக்கும் சில்லுகளோ ஐந்து வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் வேலை செய்யும் பூஞ்சை உடம்புக்காரர்கள். எப்படித் தாங்கும்?

சரி, என் அப்பாவின் டிவிக்கு வருவோம். கரண்டு இல்லாதபோது அது எப்படி எரிந்தது? இஞ்சின் நின்றிருந்தது உண்மை. ஆனால் ஏரியல் கம்பி டிவியில் செருகியிருந்தது. பிளக்கும் சுவரில் செருகியிருந்தது. மின்னல் பக்கத்தில் விழுந்ததும் இரும்புக் குழாயிலும் ஏரியலிலும் அழுத்தம் ஏறியது. அது பூமிக்குப் போக வழி தேடியது. ஏரியலிலிருந்து டிவிக்குள், டிவியிலிருந்து பிளக்கு வழியாக வீட்டு வயருக்குள், அங்கிருந்து மண்ணுக்குள் போய்விட்டது. டிவி அதற்கு நடுவழிப் பாலமாகிவிட்டது. ஏரியல் கம்பியையும் பிளக்கையும் கழற்றி வைத்திருந்தால் பாலம் இல்லை, பயணமும் இல்லை. என் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த விளக்கத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டு அவரிடம் சொன்னபோது, "அப்படியா? அப்போ என் மேல தப்பில்லையா?" என்று கேட்டார். பத்து ஆண்டுகள் அதை மனத்திலேயே வைத்திருந்திருக்கிறார்.

ஆகவே முதல் பாடம்: சுவிட்சை அடைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான வோல்ட் அதைத் தாண்டிக் குதித்துவிடும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, ஏரியலையோ ஆஸ்ட்ரோ வட்டின் கம்பியையோ செம்புக் கம்பித் தொலைபேசியையோ விட்டுவைப்பதும் போதாது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பது போலாகும்.

இரண்டாவது பாடம்: பிடுங்குவதை இடி வரும் முன்னே செய்ய வேண்டும். தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடித்தால், பொருளைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுத்ததாகிவிடும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே டிவி, கணினி, இணையப் பெட்டி மூன்றையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். பசியாறிய கோப்பையைக் கழுவி வைப்பது போல இதையும் ஒரு பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. இதைவிட நல்ல பாதுகாப்பை நான் கடையில் விற்றுப் பார்த்ததில்லை.

மூன்றாவது பாடம்: பிடுங்க முடியாத பொருளுக்குத் தடுப்பான் வேண்டும். குளிர்ப்பெட்டியைத் தினமும் பிடுங்க முடியுமா? உள்ளே மீன் இருக்கிறதே! இதற்காகத்தான் சர்ஜ் தடுப்பான் என்ற கருவி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று நம் ஊர் வழியிலேயே சொல்கிறேன்.

கடலோரத் தோட்டங்களில் பண்டு கட்டி, வாய்க்காலுக்குக் கதவு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அளவோடு இருக்கும்போது கதவு மூடியிருக்கும். மழை வெள்ளம் ஏறிவிட்டால், கடல் வற்றும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவார்கள். மரம் பிழைக்கும். சர்ஜ் தடுப்பானுக்குள்ளும் அப்படி ஒரு கதவு இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு என்ற பொருளால் செய்த சிறு வில்லை அது. 240 வோல்ட்டில் அது மூடிய கதவு. அழுத்தம் எகிறியவுடன், நாம் கண் இமைப்பதற்கு வெகு முன்பே, அது திறந்து அதிகப்படி மின்சாரத்தைப் பூமிக்குள் தள்ளிவிடும். பிறகு தானே மூடிக்கொள்ளும்.

இதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, வாய்க்காலே இல்லாத இடத்தில் கதவு வைத்து என்ன பயன்? பூமிக் கம்பி, அதாவது எர்த் வயர், சரியில்லாத வீட்டில் தடுப்பான் பாதி வேலைகூடச் செய்யாது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரையோரத்து ஈரக் களிமண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும். மேட்டு நிலத்துச் செம்மண் காய்ந்தால் பிடிப்புக் குறையும். அங்கே கம்பியை ஆழமாக இறக்க வேண்டும். இரண்டு, அந்த வில்லை ஒவ்வோர் அடி வாங்கும்போதும் கொஞ்சம் தேயும். தேய்ந்து போனதைக் காட்டச் சிறு விளக்கு வைத்திருப்பார்கள். விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் பிளக்குப் பலகைதான், தடுப்பான் அல்ல. புதிதாக வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரவுச் சந்தையில் விலை மலிவு என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

வீடு முழுமைக்கும் காவல் வேண்டுமென்றால் மின்பெட்டியிலேயே ஒரு தடுப்பானைப் பொருத்தலாம். அதை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். கம்பிகளை அரை மீட்டருக்கு மேல் நீளவிடாமல் கட்டச் சொல்லுங்கள். கம்பி நீண்டால் பலன் குறையும்.

சிலர், "எங்க வீட்டுல ஸ்டெபிலைசர் இருக்கு, அது போதும்" என்பார்கள். அது வேறு, இது வேறு. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் கரண்டைச் சமப்படுத்தும். மின்னல் வேகத்தில் வரும் அடியை அதனால் பிடிக்க முடியாது.

மின்னல் இல்லாமலும் கரண்டு கூடி அடிக்கும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, சில வீடுகளில் விளக்கு மங்கும், சில வீடுகளில் திடீரென்று பளிச்சென்று எரியும். பளிச்சென்று எரிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வருகிறது என்று அர்த்தம். உடனே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, 15454 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கரண்டு போய்த் திரும்பி வரும்போதும் இப்படி ஏற்ற இறக்கம் உண்டு. கரண்டு போனவுடன் டிவி, குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். குளிர்ப்பெட்டியின் இயந்திரத்துக்கும் அந்த ஓய்வு நல்லது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிலர் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, டிவி எல்லாம் வண்டிக்குள்ளேயே. இப்போது நம் நாட்டிலும் அப்படிப்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ராத்திரி தங்கும் இடத்தில் உள்ள மின்கம்பத்தில் வயரைச் செருகிக் கொள்வார்கள். அந்தக் கம்பத்தில் எர்த் இருக்கிறதா, நியூட்ரல் சரியா, யாருக்குத் தெரியும்? ஆகவே கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு காவல் பெட்டியை வைக்கிறார்கள். அது முதலில் வோல்ட்டையும் எர்த்தையும் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் கரண்டை உள்ளே விடும்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பந்தல் போட்டு, வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து, அதில் ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் மாட்டுகிறோம். அதுவும் ஊர் விட்டு ஊர் வந்த மின்சாரம்தானே? ஆகவே மூன்று விதிகளைச் சொல்கிறேன், திருவிழாக் குழுவினர் குறித்துக் கொள்ளுங்கள். ஜெனரேட்டரை முதலில் ஓடவிட்டு, வோல்ட்டை அளந்து பார்த்த பிறகுதான் பொருள்களை மாட்ட வேண்டும். எர்த் கம்பியை மண்ணில் அடித்துக் கட்ட வேண்டும். எண்ணெய் தீர்ந்து இஞ்சின் இருமி இருமி அணையும் வரை விடக்கூடாது. முதலில் பொருள்களை அடைத்து, பிறகு இஞ்சினை நிறுத்த வேண்டும். சாமி ஊர்வலம் நடுவழியில் இருக்கும்போது ஒலிபெருக்கி புகைந்தால் சாமிக்குக் கோபம் வருமோ என்னவோ, வாடகைக்குக் கொடுத்தவருக்குக் கட்டாயம் வரும்!

பெரியோர்களே, இதுவரை பொருளைப் பற்றிப் பேசினேன். இனி உயிரைப் பற்றிப் பேச வேண்டும்.

வீட்டு மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்சு என்று ஒன்று இருக்கிறது. இஎல்சிபி என்றும் சொல்வோம். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் எங்காவது கசிந்தால், அதாவது ஒரு மனிதன் வழியாக மண்ணுக்குப் போனால், கணக்கு உதைக்கும். உடனே சுவிட்சு விழுந்துவிடும். 100 வாட் குண்டு பல்பில் ஓடுவது சுமார் 400 மில்லி ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சின் வழியே ஓடினாலும் இதயம் நின்றுவிடக்கூடும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்சு அதற்குள் கரண்டைத் துண்டித்துவிடும். பொருளைக் காக்கும் கருவி சர்ஜ் தடுப்பான். ஆளைக் காக்கும் கருவி இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து வீட்டில் விளக்கு மாற்றப் போயிருந்தேன். அந்த ட்ரிப் சுவிட்சின் நெம்பைக் கறுப்பு டேப்பால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"என்ன அண்ணே இது?" என்றேன்.

"இடி மழைன்னா விழுந்துடுது தம்பி. நாங்க ரெண்டு பேரும் வேலைக்காட்டுல இருக்கோம். சாயங்காலம் வந்து பார்த்தா மீனெல்லாம் கெட்டுக் கிடக்குது. எத்தனை தடவை கொட்டுறது? அதான் கட்டி வச்சிட்டேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அறுபது வெள்ளி மீனைக் குப்பையில் கொட்டுவது எளிய காரியமா? எனக்கும் அன்று அவசரம். "சீக்கிரம் சரி பண்ணிடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். தப்பு செய்தேன். இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

சிலாங்கூர் ஆற்றுப் பாலம் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் போக மனம் வரவில்லை. திரும்பிப் போனேன். போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய சின்ன மகள், ஏழு எட்டு வயது இருக்கும், வெறுங்காலோடு பின்கட்டில் தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சலவை இயந்திரம். சோதனைப் பேனாவை அதன் தகரத்தில் வைத்தேன். விளக்கு எரிந்தது.

மெயினை அடைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். பின்கட்டில் மழைச் சாரல் படும் இடத்தில் பிளக்குப் பெட்டி. உள்ளே ஈரம், பச்சைப் பாசம். வயர் தேய்ந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் கம்பியோ எப்போதோ அறுந்து போயிருந்தது. அவர்கள் இடி என்று நினைத்தார்கள். குற்றம் இடியில் இல்லை, மழையில் இருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் கரண்டு கசிந்தது. அந்தச் சுவிட்சு ஒவ்வொரு முறையும் விழுந்து, "இங்கே ஆபத்து, இங்கே ஆபத்து" என்று கத்தியிருக்கிறது. நாம் அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஆனால் பாலத்தைத் தாண்டி நான் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றுவரை நினைத்துக் கொள்கிறேன்.

ஆகவே கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ட்ரிப் சுவிட்சைக் கட்டாதீர்கள். டேப்பு, ரப்பர், குச்சி எதையும் வைக்காதீர்கள். அது அடிக்கடி விழுந்தால் காரணம் இருக்கிறது. மழை பெய்தால் விழுகிறதா, ஈரம் புகுந்த இடத்தைத் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட பொருளைப் போட்டால் விழுகிறதா, அந்தப் பொருளில் கோளாறு. உண்மையிலேயே இடிக்கு மட்டும்தான் விழுகிறதென்றால் அதற்கும் வழி உண்டு. எர்த்தைச் சரி செய்து, மின்பெட்டியில் சர்ஜ் தடுப்பான் போட்டு, குளிர்ப்பெட்டிக்குத் தனி லைனும் தனி ட்ரிப் சுவிட்சும் வைக்கலாம். மீனும் கெடாது, பிள்ளையும் பிழைக்கும். மாதம் ஒருமுறை அந்தச் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

வேலைக்காட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்சாரத்துக்கு நல்ல பாதை. கரண்டுக் கம்பி போகும் வரிசையில் அதை உயர்த்தாதீர்கள். இடி கேட்டால் கம்பைப் படுக்கப் போட்டுவிட்டு விலகுங்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ, கூரையுள்ள கார், லாரிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடி கூடாது. மோட்டார் சைக்கிளும் கூடாது. 'வேலை நின்று போகுமே' என்று மண்டோரும் நினைக்க வேண்டாம். வேலை நாளைக்கும் இருக்கும்.

மாணவச் செல்வங்களே, 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டில் பள்ளி மூடியபோது, உங்கள் அண்ணன் அக்காமார் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பேர் பங்கு போட்டுப் படித்தார்கள். அன்று ஒரு கணினி எரிந்தால் ஒரு வீட்டின் வகுப்பறையே எரிந்த மாதிரி. இன்று பள்ளியில் கணினி அறை இருக்கிறது. அதைக் காப்பது உங்கள் பொறுப்பும்தான். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். வானம் கறுத்தால் ஆசிரியரிடம் நினைவூட்டுங்கள். வீட்டில், "அப்பா, பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா? அம்மா, ட்ரிப் சுவிட்சைச் சோதிச்சீங்களா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் கோபித்தால், வயர்மேன் மாமா கேட்கச் சொன்னார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக் கட்டடத்தின் இடிதாங்கியையும் எர்த்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இன்று பரிசுக் கிண்ணம் கொண்டுவர எனக்கு வசதியில்லை. அதற்குப் பதிலாக ஒன்று தருகிறேன். வருகிற நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் என் சோதனைக் கருவியோடு வருகிறேன். இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வீடு எதுவானாலும் சரி, ட்ரிப் சுவிட்சையும் எர்த்தையும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு கோப்பைக் காப்பி கொடுத்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், விழா முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கும் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கட்டி வைத்திருக்கும் வீடு ஏதாவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த டேப்பை அறுத்துவிடுங்கள். அறுத்த பிறகு சுவிட்சு நிற்காமல் விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன்.

என் அப்பா செத்த பெட்டிக்குப் பதினான்கு மாதம் பணம் கட்டினார். அவருக்கு அன்று சொல்ல ஆளில்லை. உங்களுக்கு இன்று சொல்லிவிட்டேன். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வளர்க நம் பள்ளி, வாழ்க தமிழ்.